திரும்பி வந்த கேத்தல்

கேத்தல் திரும்பி வந்திருக்கிறது. இன்று காலை எதிர்வீட்டு லூர்தம்மா கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். மூக்குப் பக்கம் நசுங்கியிருக்கிறது. மூடியின் குமிழ் எப்போதோ உடைந்துபோய், அந்த இடத்தில் ஒரு ஆணியை வளைத்துச் செருகியிருக்கிறார்கள். அடியில் ஏறிய கரி இனி எந்தச் சாம்பலுக்கும் போகாது. ஆனாலும் பார்த்தவுடன் தெரிந்தது. கைப்பிடி சுடாமல் இருக்க நீ சுற்றிய சிவப்புத் துணிமேல் அவள் வேறு துணி சுற்றியிருந்தாள். ஓரத்தில் அந்தச் சிவப்பு இன்னும் கொஞ்சம் தெரிகிறது.

நான் இதைக் கெட்டில் என்று சொல்லித்தான் வாங்கினேன். கேத்தல் என்றது நீ. இலங்கைத் தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாய். கொஞ்ச நாளில் இந்த வரிசை வீடுகள் முழுக்க அதே பேச்சாகிவிட்டது. நீ போன பிறகும் இங்கே யாரும் கெட்டில் என்று சொல்வதில்லை.

“மகன்கிட்டப் போறேன், டீச்சர். வத்தலக்குண்டுல இருக்கான்” என்றாள் லூர்தம்மா. “இந்தக் குளிரு இனிமே நமக்கு ஆகாது. அதான் சாமானையெல்லாம் குடுத்துக்கிட்டு இருக்கேன்.”

நான் டீச்சர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். குடையும் கைப்பையுமாக வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரும் அவளுக்கு டீச்சர்தான்.

“இது எங்க வீட்டுதுதானே, லூர்தம்மா?”

“எப்பவோ ஒங்க வீட்டுது. பெறகு எங்க வீட்டுது. இப்ப நான் குடுக்குறேன், வாங்கிக்கங்க.”

வாங்கி உள்ளே வைத்தேன். வைத்த பிறகுதான் உன் நினைவு வந்து திக்கென்றது. கொடுத்த பொருள் திரும்பி வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதுவும் இந்த வாரம் வந்திருக்க வேண்டுமா?

மேசைமேல் இன்னொன்றும் கிடக்கிறது. பொது நிர்வாகத்தில் இரண்டு வருட முதுகலைப் படிப்புக்கு எங்கள் துறையிலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்திருக்கும் உத்தரவு. சென்னையில் போய்ப் படிக்க வேண்டும். வருகிறேன், வரவில்லை என்று இந்த மாதக் கடைசிக்குள் எழுத வேண்டும். வயது வரம்பின்படி இதுவே எனக்குக் கடைசி முறை. முதல் முறை வந்த உத்தரவு உனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கொடைக்கானலுக்கு மாற்றலாகி வந்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களைக் கணக்கெடுத்து, வேலைக்கும் வீட்டுமனைக்கும் ஏற்பாடு செய்யும் அலுவலகத்தில் வேலை. பழனி அடிவாரத்துப் பூஜைச் சாமான் கடைக்காரரின் மகள் நான். மதுரையில் பட்டப்படிப்பு. குளிர் என்றால் மார்கழிக் காலை என்று மட்டும் அறிந்தவள். எனக்குக் கிடைத்தது இந்தச் சரிவில் தகரக் கூரை வரிசையின் கடைசி வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் நீயும் உன் அப்பாவும்.

உன் அப்பா வாட்டில் மரத்துப் பட்டை உரிக்கப் போவார். மலங்காட்டுத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகை இருந்தது; அதில் நீ ஆயா. பிள்ளைக் காம்பரா என்பாய் அதை. இலங்கையிலும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில்தான் வேலை பார்த்தாயாம். கடல் கடந்து, மண்டபம் முகாமில் கிடந்து, மலை ஏறி, கடைசியில் அதே தொட்டிலை ஆட்ட வந்து சேர்ந்தேன் என்று சொல்லிச் சிரிப்பாய். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் முதலில் மிஸ் என்றும், பிறகு அக்கா என்றும் கூப்பிட்டாய். நான் ‘ஏத்தா’ என்பேன். அது உனக்குப் பிடிக்கும். எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு அது என்று கண்டுபிடித்து வைத்திருந்தாய்.

சாயங்காலம் இந்தக் கேத்தலில்தான் தண்ணீர் கொதிக்கும். பால் விடாத தேநீர் உனக்குப் பிளேன்டீ. சீனியை அதில் போடமாட்டாய். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு நாக்கால் தொட்டுத் தொட்டுக் குடிப்பாய். “உள்ள போட்டா நெறைய வேணும்க்கா. கையில வச்சா கொஞ்சம் போதும்.” நானும் முயன்று பார்த்தேன். புடவை முந்தியெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. “படிச்சவங்களுக்கு இது வராது, விடுங்க” என்றாய்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் அந்தப் படிப்பைப் பற்றி முதலில் சொன்னேன். அன்று அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. திரும்பி வந்தோருக்குக் கட்டும் வீடுகளின் கூரை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சமவெளிக்கு ஏற்ற கூரை. நம் மலையில் ஆடிக் காற்றடித்தால் பிய்த்துக்கொண்டு போய்விடும். எழுதியவர் இங்கே வந்ததே இல்லை. அவர் யார், எந்த அறையில் உட்கார்ந்து எழுதுகிறார், அந்த அறைக்குள் போக வழி எங்கே இருக்கிறது என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. துறையில் வேலை பார்ப்பவர்களை அந்தப் படிப்புக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டிருந்தேன்.

“அது என்னா படிப்புக்கா?”

“கவர்ன்மென்ட் எப்படி நடக்குதுன்னு படிக்கிறது.”

“நடக்குதா?”

நீ வேண்டுமென்றே கேட்கவில்லை. கேட்ட பிறகு உனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுவருக்கு அப்பால் உன் அப்பாவும் சிரித்தார். “நீங்க அதுக்குள்ளதான இருக்கீங்க? ஒங்களுக்கே தெரியலன்னா வெளிய இருந்து எங்களுக்கு என்னா தெரியும்?” என்றாய். அதற்காகத்தான் படிக்கப் போகிறேன் என்றேன். நீ தலையை ஆட்டிக்கொண்டாய். போகப்போகிறாள் என்று அன்றே உன் மனதில் பதிந்திருக்க வேண்டும்.

பிறகு அலுவலக வேலையாகப் பூண்டி பக்கம் முகாம் போனேன். அங்கே பூண்டுத் தோட்டங்களில் கூலிக்கு இருந்த குடும்பங்களை எழுதி வர ஒரு வாரத்துக்கும் மேல் ஆனது. வீட்டுச் சாவி உன்னிடம் இருந்தது. திரும்பி வந்தபோது மதியமே மூடிக்கொண்ட பனி இறங்கிக்கொண்டிருந்தது. துணியெல்லாம் பூண்டு வாடை. கதவைத் திறந்தேன். வீடு காலியாக இருந்தது.

திருடன் வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். மண்ணெண்ணெய் அடுப்பு இல்லை. குண்டான் இல்லை. கட்டில் இல்லை, கம்பளி இல்லை, கணப்புச் சட்டி இல்லை. அரிசிப் பானையை வைத்திருந்த மூலையில் வட்டமாக ஈரத் தடம் மட்டும். நடுவில் என் டிரங்குப் பெட்டி. உள்ளே புடவைகள் எல்லாம் மடித்து, ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு போர்வை. மூடியில் வெள்ளைப் பெயின்டால் என் பெயர். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘மெட்ராஸ்’. கப்பலுக்குப் போகும் பெட்டியில் எழுதுவது போல.

நீ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாய். முகம் அப்படியொரு மலர்ச்சி.

“வந்துட்டீங்களாக்கா. ஒங்க ஆபீஸ் பியூன் வந்து சொல்லிட்டுப் போனாரு. ஆர்டர் வந்துருச்சாம்.”

“சாமானெல்லாம் எங்க?”

“குடுத்துட்டேன்” என்றாய். பெரிய வேலை ஒன்றை முடித்துவிட்ட நிம்மதி குரலில். “அடுப்பு மூலவீட்டு அண்ணாச்சிக்கு. கட்டில் அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு. கேத்தல லூர்தம்மா கேட்டாங்க, அவங்களுக்கு. நல்ல கையிலதான் குடுத்துருக்கேன்.”

“நான் இன்னும் போறதா இல்லையான்னு முடிவே பண்ணலையே, ஏத்தா.”

நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நான் ஏதோ புரியாத பாஷையில் பேசியது போலப் பார்த்தாய்.

“கடுதாசி வந்துருச்சேக்கா. வந்த பெறகு முடிவு என்னா முடிவு?”

அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. உங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், கடுதாசி வந்தால் போக வேண்டியதுதான். இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்துவிட்டன. இந்தியாவுக்கு என்று பெயர் விழுந்தவர்கள் தேதி வந்ததும் கிளம்ப வேண்டும். ஆடு, கோழி, பாத்திரம் எல்லாவற்றையும் லயத்துக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பெட்டியில் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். போகிறவர்களுக்குத் தங்கள் சாமானைத் தாங்களே கொடுக்க மனம் வராது. அதனால் பக்கத்து வீட்டுக்காரிதான் நின்று பங்கிட்டுக் கொடுப்பாளாம். உங்கள் வீட்டுச் சாமானை உன் அக்கா பங்கிட்டாள். அவள் புருஷன் வீட்டார் அந்த நாட்டுக் குடியுரிமைக்கே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் அங்கே நின்றுவிட்டாள். உன் ஆட்டை யாருக்கோ அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, நீ பார்க்காதபடி முதுகைக் காட்டி நின்றாள் என்றாய்.

உன் அக்கா உனக்குச் செய்ததை நீ எனக்குச் செய்தாய். நான் உடன்பிறந்தவள் போல என்று நினைத்துச் செய்திருக்கிறாய். எனக்கோ அன்று கோபம்தான் வந்தது.

“சரி, போய் வாங்கிட்டு வா. அடுப்பையாவது.”

“குடுத்ததத் திருப்பிக் கேக்குறதா?” உன் கை தானாக வாய்க்குப் போனது. “ஐயோ, வேண்டாங்க. திருப்பி வாங்குனா போற வழி அடைஞ்சிரும்.”

உங்கள் லயத்தில் ஒரு குடும்பம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது கப்பல் தள்ளிப்போனதாம். மாதக்கணக்கில் பானை இல்லாமல் இருந்தார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறு கொடுத்தார்கள். ஆனால் பானையை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை. தருவது, நீ போகமாட்டாய் என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்வது போலவாம். நீயும் எனக்கு அப்படித்தான் செய்தாய். மூன்று வேளையும் உன் வீட்டுச் சோறு. உன் அப்பாவின் கம்பளி எனக்கு வந்தது. அவர் சாக்குப் படுதாவைப் போர்த்திக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லப் போனால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “எனக்குப் பழக்கம், தாயி” என்று குரல் மட்டும் வரும்.

லூர்தம்மா வீட்டுக்குப் போனால், “ஒங்க கேத்தல்ல போட்ட டீ, குடிச்சுப் பாருங்க” என்று எனக்கே நீட்டுவாள். வரிசையே என்னை வழியனுப்பக் காத்திருந்தது. நான்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழனிக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். கடையில் திருநீற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார். “இருக்கிறது நல்ல சோலி. அத விட்டுட்டு இன்னும் என்னத்தம்மா படிக்கப் போற? கலெக்டராவா ஆக்கப்போறாங்க?” பிறகு அவரே, “எங்கிட்டக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன். அதனால கேக்காத. ஒனக்குத் தோணுறதச் செய்யி” என்றார். அவரால் அதற்குமேல் சொல்ல முடியாது. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிறது என்று குடையை எடுத்துக் கொடுத்தார்.

அலுவலகத்தில் என் அதிகாரி, போகக் கூடாது என்று சொல்லவில்லை. “போங்க, நல்ல சான்ஸ். என்ன, நீங்க போனா இந்த வீட்டுமனை ஃபைல் அடுத்த ஆள் வர்ற வரைக்கும் அப்படியே கிடக்கும்” என்றார். அந்தக் கோப்பில் உன் அப்பாவின் பெயரும் இருந்தது. வரிசையில் உன்னைப் போல் வந்து தங்கியிருந்த இன்னும் பல குடும்பங்களும்.

அது எனக்குப் போதுமாக இருந்தது. தேடிக்கொண்டிருந்த காரணம் கிடைத்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. சென்னை எனக்குப் பயம். முப்பதைத் தாண்டி, என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்காருவது பயம். ஆங்கிலத்தில் எழுந்து நின்று பேச வேண்டும் என்பது பயம். படித்து முடித்த பிறகும் அந்த அறைக்குள் யாரும் விடமாட்டார்கள் என்ற எண்ணம் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். இதையெல்லாம் யாரிடமும் சொல்ல முடியாது. வீட்டுமனைக் கோப்பை எல்லோரிடமும் சொல்லலாம்.

வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். கேத்தல் இல்லாததால் சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நீ இரண்டு டம்ளரிலும் ஊற்றி முடிக்கும் வரை காத்திருந்தேன்.

“நான் போகல, ஏத்தா. எழுதிக் குடுத்துட்டேன்.”

நீ ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினாய்.

“ஒங்க மனைப் பட்டா முடியாம எப்படிப் போறது? ஒங்களுக்காகத்தான் இருந்துட்டேன்.”

சட்டியைக் கீழே வைத்தாய். நீ கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை.

“போறதுன்னா போங்கக்கா. இருக்குறதுன்னா இருங்க. எங்களுக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க தலையில வைக்காதீங்க.”

“நான் நல்லதுக்குத்தானே...”

“எங்க அப்பாவும் நல்லதுக்குத்தான். இந்தியாவுல நெலம் குடுப்பாங்கன்னு யாரோ சொன்னாங்கன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அக்காவ விட்டுட்டு வந்தோம். இன்னைக்கு வரைக்கும் புள்ளைக்காகத்தான் வந்தேன், புள்ளைக்காகத்தான் வந்தேன்னு சொல்றாரு. நான் கேட்டனா? சோறு தின்னாலும் அதுதான் நெனப்பு. எனக்காக வந்தாரு, எனக்காகப் பட்ட உரிக்கிறாரு, எனக்காக இருமுறாரு. என்னால தூக்க முடியலக்கா. இதுல நீங்களும் ஏத்தாதீங்க.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் உன் அப்பாவின் இருமல் நின்றுபோயிருந்தது. உனக்கும் அது கேட்டது. கையில் இருந்த சீனி வியர்வையில் கரைந்து விரலிடுக்கில் வழிந்தது. துடைக்காமல் உட்கார்ந்திருந்தாய். மறுநாள் வெள்ளனே அவர் வேலைக்குக் கிளம்பும்போது நான் வாசலில் நின்றேன். “குளிருதா, தாயி?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு, புள்ளைக்காக என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அது நல்லதா, பாவமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அவரிடம் மிச்சமிருந்த பேச்சு அது ஒன்றுதான்.

நீ என்னோடு பேசாமல் இருக்கவில்லை. அடுத்த நாளும் தேநீர் கொடுத்தாய். நான் வேறு அடுப்பு, வேறு பானை என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டேன். கேத்தல் மட்டும் வாங்கவில்லை. நம் இருவருக்கும் சட்டியே பழகிவிட்டது.

மனைப் பட்டா பிறகு வந்தது. எத்தனையோ கையெழுத்துக்கும் அலைச்சலுக்கும் பிறகு, தண்ணீர் இல்லாத ஒரு சரிவில் வந்தது. அதற்குள் பாதிக் குடும்பங்கள் வேறு வேலை தேடித் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு இறங்கிவிட்டன. உன் அப்பா இறந்துபோயிருந்தார். உன் பெயருக்கு மாற்றிக் கொடுத்த மனையை நாம் இருவரும் ஒருமுறை போய்ப் பார்த்தோம். காற்று ஆளைத் தள்ளியது. நீ கல்லொன்றின்மேல் உட்கார்ந்து, “நல்லாத்தான்க்கா இருக்கு. தண்ணியும் ரோடும் இருந்தா ஊராயிரும்” என்றாய். பிறகு நீ அங்கே போகவில்லை. நான் இல்லாமல் இருந்திருந்தாலும் அந்தப் பட்டா அதே சரிவில், ஒருவேளை அதே மாதத்தில் வந்திருக்கும். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. நீயும் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின பனிக்காலத்தில் உனக்கு நெஞ்சில் சளி கட்டியது. பிள்ளைக் காம்பராவுக்குப் போகாமல் இருக்கமாட்டேன் என்றாய். கீழே மதுரைக்குக் கொண்டுபோகும்போது தாமதமாகிவிட்டது. ஜீப்பில் என் தோளில் சாய்ந்திருந்தாய். மலை இறங்க இறங்க வெக்கை ஏறியது. கம்பளியை எடுத்துவிடச் சொன்னாய். “கீழ எறங்குனா மூச்சு லேசா இருக்குக்கா” என்றாய். நானும் நம்பினேன். இரண்டு நாள்தான் இருந்தாய். உன் அக்காவுக்கு எழுதினேன். அவள் இருந்த தோட்டத்தின் பெயர்தான் தெரியும். பதில் வரவில்லை. அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

உன் வீட்டுச் சாமானைப் பங்கிட்டுக் கொடுத்தது நான். பக்கத்து வீட்டுக்காரி செய்ய வேண்டிய வேலை. நீ சொன்னபடி, நல்ல கையாகப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

இந்த முறை விண்ணப்பம் ஏன் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ இல்லாத சாயங்காலம் நீளமாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. உத்தரவு வந்த நாளிலிருந்து எனக்குள் ஒரு வாக்கியம் தயாராகிக்கொண்டே இருந்தது. உனக்காகப் போகிறேன் என்று. அன்று தவறவிட்டதை உன் நினைவுக்காகச் செய்கிறேன் என்று. அலுவலகத்தில் ஒரு பெண்ணிடம் பாதி சொல்லியும்விட்டேன். அவள் கண் கலங்கினாள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு இன்று காலை கேத்தல் வந்தது.

உள்ளே வைத்ததிலிருந்து மனம் அடித்துக்கொண்டது. உன் கணக்குப்படி வழி அடைந்துவிட்டது. படித்தவள், அரசாங்க வேலையில் இருப்பவள் ஒரு நசுங்கிய பாத்திரத்துக்குப் பயப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது? மதியம் பொறுக்காமல் லூர்தம்மா வீட்டுக்குப் போனேன். அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“இத்தன வருசம் வச்சிருந்துட்டு இப்ப ஏன் குடுத்தீங்க, லூர்தம்மா?”

“அப்பவே குடுக்க வந்தேனே, டீச்சர். நீங்க போகலன்னு ஆன மறுநாளே எடுத்துக்கிட்டு வந்தேன். மனசு கேக்கல எனக்கு. அவதான் வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள விடல.”

“யாரு?”

“யாரா? ஒங்க சிநேகிதிதான். ‘உள்ள கொண்டுபோகாதீங்க, அக்கா என்னைக்காச்சும் போவாங்க, வழிய அடைச்சிராதீங்க’ன்னா. அதுக்குப் பெறகும் ரெண்டு மூணு தரம் கேட்டுப் பாத்தேன். நீங்களே வச்சிருங்க, நீங்களே வச்சிருங்கன்னு ஒரே புடி. நம்ம என்ன செய்ய? டீ போட்டுக் குடிச்சோம்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“சொல்லக் கூடாதுன்னுட்டா. சொன்னா அவளுக்காகப் போயிருவீங்களாம். அது வேண்டாமாம்.” மூட்டையின் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். “எனக்கு அது ஒண்ணும் வெளங்கல. இப்ப அவளும் இல்ல, நானும் கெளம்புறேன். இரும்புக்காரன்கிட்டப் போடவா முடியும்?”

இது திருப்பிக் கொடுத்ததா, புதிதாகக் கொடுத்ததா என்று அவளிடம் கேட்டேன். சிரித்தாள். “குடுத்தா வாங்கிக்கங்க, டீச்சர். வெரசா கட்டணும், லாரி வந்துரும்.”

அவளை ஏற்றிவிட்டு வந்து கேத்தலில் தண்ணீர் வைத்தேன். மூக்கு நசுங்கியிருந்தாலும் ஒழுகவில்லை. சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குடித்தேன். இன்னமும் எனக்குச் சரியாக வரவில்லை.

ஒவ்வொரு சாயங்காலமும் என் எதிரில் உட்கார்ந்து நீ சட்டியிலிருந்து தேநீர் ஊற்றினாய். சட்டியின் விளிம்பு சுடும்; ஒவ்வொரு முறையும் கையை உதறிக்கொள்வாய். எதிர்வீட்டில் கேத்தல் இருந்தது. கேட்டால் கிடைத்திருக்கும். அது எனக்காக என்று நீ ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். அப்படிப் போவது வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை. இதை இத்தனை தாமதமாக, நீ மறுத்துப் பேச முடியாத நேரத்தில் தெரிந்துகொள்கிறேன்.

அதனால் தயாராக வைத்திருந்த அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். நாளை அலுவலகத்தில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நான் சொன்னது சரியில்லை என்று சொல்ல வேண்டும். வருகிறேன் என்று பதில் எழுதிவிட்டேன். உறையை ஒட்டி மேசைமேல் வைத்திருக்கிறேன். சந்தோஷமாக எழுதவில்லை. நாற்பதைத் தாண்டிய பெண் அந்தப் படிப்பை முடித்து எந்த அறைக்குள் போய் எந்தக் கூரையை மாற்றப்போகிறாள் என்று கேட்டால் இன்றும் பதில் இல்லை. பயம் அப்படியே இருக்கிறது. அப்பா இல்லை, வேண்டாம் என்று சொல்ல. நீ இல்லை, பெட்டியில் பெயர் எழுத. பழைய பெயின்ட் உரிந்து ‘மெட்’ என்பது மட்டும் மிச்சமிருக்கிறது.

சாமானைக் கொடுக்கத் தொடங்க வேண்டும். பங்கிட்டுக் கொடுக்கப் பக்கத்து வீட்டில் ஆள் இல்லாததால் நானேதான் செய்ய வேண்டும். அடுப்பும் கட்டிலும் போய்விடும். கேத்தலை யாருக்குக் கொடுப்பது என்று இன்னும் தோன்றவில்லை. கடைசி நாள் வரை தேநீர் குடித்துவிட்டுப் பார்க்கலாம்.

நீ தேயிலைக் கொழுந்துக் கூடையைப் பற்றி ஒருமுறை சொன்னாய். கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டிவிட இன்னொருவர் கை வேண்டும், தானாக மாட்டிக்கொண்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று. இந்த முறை யார் தலையிலும் நான் வைக்கவில்லை. உன் தலையிலும்கூட. நானே தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். கழுத்து வலிக்கத்தான் செய்கிறது.